இரண்டு சபைகளில் ஒரே பேச்சு

உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வெயிலையும் மழையையும் தாங்கியபடி, சமண தீர்த்தங்கரர்களின் புடைப்புருவங்கள் வரிசையாக வீற்றிருக்கின்றன. அவற்றை ஒட்டி வட்டெழுத்தில் வெட்டிய சிறு சாசனங்கள் உண்டு. இன்ன உருவத்தை இன்னார் செய்வித்தார் என்று அறிவிப்பதே அவற்றின் முக்கியமான வேலை. மதுரை ஆனைமலையிலும் பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலையிலும் காணப்படும் அச்சணந்தி என்னும் முனிவரின் பெயர் இந்தப் பாறையிலும் இருக்கிறது. இத்தகைய சாசனங்களைச் சென்னை மாகாணத்தில் முறையாகத் தொகுக்கும் வேலை, ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1886இல் அரசாங்கத்தின் சாசன ஆராய்ச்சியாளராக நியமனம் பெற்றதிலிருந்து ஊக்கம் பெற்றது. கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை அதன்மேல் பரப்பி, தூரிகையால் அடித்து எழுத்தின் பள்ளங்களில் காகிதம் படியும்படி செய்து, அதன்மேல் மையை ஒற்றி எடுப்பது மைப்படி. படி எடுத்தவர் அதோடு நின்றுவிடுவதில்லை: எந்தத் தாலூகா, எந்த ஊர், பாறையின் எந்தப் பக்கம், எந்த மொழி, எந்த எழுத்து, எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்பவற்றையெல்லாம் குறித்து, அந்த ஆண்டின் வரிசை எண் ஒன்றையும் கொடுத்து வைப்பார். கல்லையே காணாத ஒருவர் எங்கோ ஒரு நூலகத்தில் அமர்ந்து அந்தப் படியை வாசிக்கும்போது, சந்தேகம் எழுந்தால், திரும்பிப் போய்ச் சரிபார்க்க வேண்டிய இடம் எது என்பது அவருக்குத் தெரியும்.

ஓரிடத்துப் பேச்சை இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்லும்போது பேச்சுடன் கூட எவையெல்லாம் போக வேண்டும் என்ற கேள்விக்கு, நம் நாட்டில் நூறாண்டுகளுக்கு முன்பே கிடைத்த நேர்த்தியான விடை இது. கணினி வலை வந்த பிறகு அதே கேள்வி புதிய உருவத்தில் எழுந்தது. மின்னஞ்சல் வழியாக ஒரு குழுவினர் தமக்குள் நடத்திவந்த கடிதப் போக்குவரத்தை, இணையத்தில் எவரும் வந்து பார்க்கக்கூடிய விவாத மேடை ஒன்றில் அப்படியே பிரதிபிம்பமாகத் தெரியும்படி செய்யும் பிரயத்தனங்கள் உலகமெங்கும் நடந்தன, தமிழிலும் நடந்தன. அவற்றுள் பல நல்லெண்ணத்தில் தொடங்கி, மனக்கசப்பில் முடிந்தன. அதற்குக் காரணம் யந்திரங்களின் குறை மட்டும் அன்று. கடிதத்தின் வாசகத்தை எடுத்துக்கொண்டு, அது யாரால், யாருக்கு, எந்தச் சந்தர்ப்பத்தில், எதற்குப் பதிலாக எழுதப்பட்டது என்ற விவரங்களைப் பின்னால் விட்டுவிட்டதே மூல காரணம் என்பது என் அபிப்பிராயம்.

மடற்குழு என்பது இன்னதென்று இளைய வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அங்கத்தினர்கள் எல்லோருடைய மின்னஞ்சல் முகவரிகளும் ஒரு பட்டியலில் இருக்கும். குழுவின் பொதுமுகவரிக்கு ஒருவர் ஒரு மடல் எழுதினால், அது பட்டியலிலுள்ள அனைவருடைய அஞ்சற்பெட்டிக்கும் போய்ச் சேரும். அதற்கு ஒருவர் எழுதும் பதிலும் அவ்வாறே எல்லோருக்கும் போகும். ஒரு மடலும் அதைத் தொடர்ந்த பதில்களும் சேர்ந்தது ஓர் ‘இழை’. ஒழுங்கு காப்பவர் ‘மட்டுறுத்துநர்’. விவாத மேடையோ ஓர் இணையதளத்தில் நிலையாக இருப்பது. பேச்சு நம்மைத் தேடி வராது, நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டும். மேற்பார்வைக்கு இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். ஆனால் மடற்குழுவில் எழுதுகிறவர் தம் கடிதத்தைப் படிக்கப்போகிறவர்கள் இன்னார் என்று ஓரளவு அறிந்து எழுதுகிறார். விவாத மேடையில் வாசலுக்கு வெளியே நின்று கேட்கிறவர்கள் யார், அவர்கள் இன்று கேட்கிறார்களா, பத்தாண்டுகள் கழித்துக் கேட்கப்போகிறார்களா என்பது எவருக்கும் தெரியாது. ஒருவனுடைய தொனியையும் துணிவையும் நிர்ணயிப்பது அவன் எதிரே அமர்ந்திருக்கும் சபைதான் என்பதை உணர்ந்தவர்கள் இந்த வேற்றுமையைச் சிறிதென்று எண்ணமாட்டார்கள்.

இரண்டையும் இணைக்கும் ஆசை மிகப் பழையது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து மாணவர்களான டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்ற இருவர் 1979இல் சிந்தித்து அடுத்த ஆண்டு பரவச் செய்த யூஸ்நெட் என்ற செய்திக்குழு அமைப்பும், பல்கலைக்கழகங்களிடையே பிட்நெட் என்ற வலையில் பெருகிய மடற்குழுக்களும் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தபோது, மடற்குழுவில் வரும் கடிதங்களைத் தானாகவே செய்திக்குழுவில் ஒட்டும் வாயில்களை அமைத்தார்கள், யூஸ்நெட்டில் ‘பிட்.லிஸ்ட்சர்வ்’ என்று தொடங்கும் பெயர்களோடு அத்தகைய குழுக்களுக்கென ஒரு தனிப் பிரிவே இருந்தது. 2002இல் நார்வே நாட்டு லார்ஸ் மாக்னெ இங்கெப்ரிக்ட்ஸன் தொடங்கிய ஜிமேன் என்ற சேவை ஆயிரக்கணக்கான மடற்குழுக்களைச் செய்திக்குழு வடிவில் வாசிக்க வசதி செய்து தந்தது. அவர் 2016இல் அதன் இணைய முகப்பை நிறுத்தியபோது, உலகமெங்கும் கட்டுரைகளிலும் குறிப்புகளிலும் ஆதாரமாகக் கொடுத்திருந்த எண்ணற்ற சுட்டிகள் ஒரே நாளில் எங்கும் கொண்டு சேர்க்காத வழிகளாகிவிட்டன.

தமிழர்களின் கதை இதோடு சேர்ந்தே நடந்தது. 1990களில் யூஸ்நெட்டில் ‘சாக்.கல்ச்சர்.தமிழ்’ என்ற செய்திக்குழு இருந்தது. ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த மலேசியத் தமிழரான பாலா பிள்ளை அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியில் தொடங்கிய தமிழ்.நெட், உலகத்தின் மூலைகளில் சிதறிக்கிடந்த தமிழர்கள் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதும் நிர்ப்பந்தத்திலிருந்து விடுபட்டுத் தமிழ் எழுத்திலேயே மடல் எழுதப் பழகிய களமாயிற்று. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணிபுரிந்த கு. கல்யாணசுந்தரத்தின் ‘மயிலை’ எழுத்துருவும், மலேசியாவின் முத்து நெடுமாறனின் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளும் அந்தக் காலத்து மடலாளர்களின் கைக்கருவிகள். பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியபோது, அதற்குத் தொண்டர்கள் திரண்டது இந்த மடலாட்டத்திலிருந்துதான். ‘திஸ்கி’ என்று வழங்கிய எழுத்துக் குறியீட்டு முறையும் ஒரு மடற்குழுவில் நடந்த நீண்ட விவாதத்திலிருந்தே உருவாயிற்று. பின்னர் யாஹூ நிறுவனம் 2000இல் ஈகுரூப்ஸை வாங்கித் தன் பெயரில் குழுக்களை நடத்தத் தொடங்கியதும், ராயர் காபி கிளப், மரத்தடி, அகத்தியர், தமிழ் உலகம் முதலிய குழுக்கள் அங்கே தழைத்தன. மரபுக் கவிதைக்கென்று சந்தவசந்தம் இருந்தது. தமிழ் மரபு அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் நடத்திய மின்தமிழ் பின்னாளில் கூகுள் குழுமத்தில் வளர்ந்தது. அச்சுப் பத்திரிகைகளின் கதவுகளைத் தட்ட வாய்ப்பில்லாதிருந்த எத்தனையோ பேர் இக்குழுக்களில் எழுதிப் பழகி எழுத்தாளர்களானார்கள் என்பதையும், சொல்லாராய்ச்சியிலும் சாசன ஆராய்ச்சியிலும் ஈடுபட்டவர்கள் பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் கிடைக்காத சாவகாசத்தோடு இங்கே வாதிட்டார்கள் என்பதையும், வருங்கால இலக்கிய சரித்திரக்காரன் விட்டுவிடக் கூடாது.

இத்தனை செல்வம் அஞ்சற்பெட்டிகளுக்குள் அடைந்துகிடக்கலாமா என்று கேட்டவர்களின் ஆதங்கம் நியாயமானதே. மரத்தடி அன்பர்கள் தங்கள் குழுவில் வந்த எழுத்துகளைத் திரட்டி வைக்க ஒரு தனி இணையதளம் அமைத்ததும் அந்த ஆதங்கத்தினால்தான். குழுவில் சேராதவர்களும் படிக்கலாம். தேடுபொறியில் தேடினால் அகப்படும். ஒரே கேள்வியை மறுபடி மறுபடி கேட்கும் புதியவர்களுக்குப் பழைய விடையைச் சுட்டிக்காட்டலாம். இந்த நன்மைகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மனிதர் கையால் பார்த்து, தேர்ந்து, எழுதியவர் பெயரோடு இட்டு வைத்த தொகுப்பு ஒரு வகை. யந்திரம் தானாகவே ஒவ்வொரு மடலையும் அள்ளிக்கொண்டு போய்க் கொட்டுவது வேறு வகை. தொல்லைகளெல்லாம் இந்த இரண்டாவது வகையில்தான் பெருகின.

முதல் தொல்லை பதிலின் பாதை. விவாத மேடையில் படித்த ஒருவர் அங்கேயே, அந்தப் பக்கத்தின் கீழேயே, தம் கருத்தை எழுதுகிறார். மூலக் கடிதத்தை எழுதியவரோ மடற்குழுவில் இருக்கிறார். மேடைப் பக்கம் அவர் வருவதே இல்லை. பாதை ஒருவழிப் பாதையானால் இந்தப் பதில் அவருக்குப் போய்ச் சேராது. கேட்டவர் தம்மை அலட்சியம் செய்துவிட்டார்கள் என்று வருந்துவார், கேட்கப்பட்டவருக்குக் கேள்வி வந்ததே தெரியாது. சரி, இருவழிப் பாதையாக்குவோம் என்றால் வேறு விபரீதம்: மேடையிலிருந்து குழுவுக்குப் போன பதில், குழுவிலிருந்து வந்த புதுக் கடிதமென்று எண்ணப்பட்டு மீண்டும் மேடைக்கு வரும், அங்கிருந்து மறுபடியும் குழுவுக்குப் போகும். ஒவ்வொரு மின்மடலுக்கும் அதற்கே உரிய அடையாளத் தொடர் ஒன்று தலைப்பகுதியில் உண்டு. அதை வாயில் மாற்றாமல் விட்டுவைத்தால் ‘இதை முன்பே பார்த்தாயிற்று’ என்று தடுக்கலாம். வாயிலமைத்தவர் அதை மாற்றிப் புது அடையாளம் கொடுத்துவிட்டால் தடுக்க வழியில்லை. ஒருவர் ஊருக்குப் போகும்போது ‘நான் விடுமுறையில் இருக்கிறேன்’ என்று தானாகவே பதில் போகும்படி வைத்துவிட்டுப் போவதும் சேர்ந்துகொண்டால், பொழுது விடிவதற்குள் எல்லோருடைய பெட்டிகளும் நிரம்பிவிடும். தன் பதிவுக்கே தான் எதிர்வினை செய்துகொண்டே போகும் யந்திரம் என்ன செய்யும் என்பதை யூஸ்நெட் 1993 மார்ச் 31ஆம் தேதி கண்டது: தேவையற்ற பதிவுகளை நீக்குவதற்காக ஒருவர் எழுதிய நிரல், தன் அறிவிப்புக்குத் தானே அறிவிப்பு எழுதி, ஏறக்குறைய 200 பதிவுகளை ஒரே செய்திக்குழுவில் கொட்டித் தீர்த்தது.

இழை அறுபடுவது இதனினும் நுட்பமானது. ‘இந்த மடல் இன்ன மடலுக்குப் பதில்’ என்பதைக் காட்டும் குறிப்பு, கண்ணுக்குத் தெரியாமல் மடலின் தலைப்பகுதியில் இருக்கிறது. தலைப்பைத் திருத்தினாலும் அந்தக் குறிப்பு இருக்குமாதலால் இழை அறுபடாது. விவாத மேடைகள் பலவும் அதைப் பொருட்படுத்தாமல் தலைப்புச் சொற்களை மட்டும் பார்த்து இழை கோத்தன. விளைவு, ‘ஒரு சந்தேகம்’ என்ற தலைப்பில் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு மனிதர் எழுதிய மடல்களெல்லாம் ஒரே உரையாடலாகச் சேர்ந்து நிற்பதும், ஓர் உரையாடலின் நடுவே ஒருவர் தலைப்பை மாற்றியதனால் அதன் பிற்பாதி அநாதையாக வேறிடத்தில் கிடப்பதும் சகஜமாயின. யாஹூ குழுக்களில் தனித்தனி மடலாகப் பெற விரும்பாதவர்களுக்கு இருபத்தைந்து மடல்கள் வரை ஒரே பொட்டலமாக அனுப்பும் வசதி இருந்தது. பொட்டலத்துக்குப் பதில் எழுதுகிறவர், அதிலுள்ள மடல்கள் அத்தனையையும் கீழே தொங்கவிட்டு, ‘நன்றி, அருமை’ என்று ஒரு வரி எழுதினால், எதற்கு நன்றி, யாருடைய மடல் அருமை என்பதை மேடையில் படிக்கிறவன் எப்படி அறிவான்?

தமிழுக்கென்று வாய்த்த துயரம் எழுத்து. யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்தபோதிலும், சாதாரண மனிதனின் கணினியில் அது பழக்கத்துக்கு வர மேலும் பத்தாண்டுகளாயின. அதுவரை ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு குறியீடு. மயிலையில் எழுதியதை முரசில் படிக்க இயலாது. அதைத் தீர்க்க வந்த திஸ்கி, ரோமன் எழுத்துகளை அவற்றின் இடத்தில் விட்டுவிட்டு, 128 முதல் 255 வரையுள்ள மேல் இடங்களில் தமிழை அமைத்தது. 1999இல் தமிழ்நாடு அரசு டாப், டாம் என்ற வேறு இரண்டு முறைகளை ஏற்றது. இத்தனை முறைகளும் வழங்கிய காலத்தில் எழுதிய ஒரு மடல், அதைப் பெற்றவரின் கணினியில் உரிய எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும். அதே மடலை இணைய மேடையில் ஒட்டியபோது, அந்த மேடை அதை மேற்கு ஐரோப்பிய மொழி ஒன்றென்று கருதி, மேல் இடங்களிலுள்ள குறிகளுக்கெல்லாம் தலைமேல் கொம்பும் காலடியில் வாலும் முளைத்த ரோமன் எழுத்துகளைக் காட்டியது. படிக்க விரும்பியவர், உலாவியின் பட்டியலுக்குப் போய், பயனர் தாமே குறிப்பிடும் குறியீடு என்ற இடத்தைத் தேர்ந்து, அதற்குத் திஸ்கி எழுத்துருவைப் பொருத்திக்கொள்ள வேண்டும். தேடுபொறிக்கு அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளத் தெரியாது. ஆகையால் எந்தப் பயனை முன்னிட்டுப் பிரதிபிம்பம் செய்தார்களோ அந்தத் தேடும் பயனே கிட்டவில்லை.

மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். யாழ்வாணன் சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் அந்தக் காலத்தில் செய்த உபகாரம் பெரிது. ஆனால் மாற்றுவது ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு அன்று. ‘கெ’ என்ற எழுத்தை எழுதுகையில் கண்ணுக்குக் கொம்பு முன்னாலும் ககரம் பின்னாலும் தெரிகின்றன. திஸ்கி கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே வைத்தது. யூனிகோடோ ககரத்தை முதலிலும் உயிர்க்குறியைப் பின்னாலும் வைக்கிறது. ‘கொ’வில் ககரத்தின் இருபுறமும் நிற்கும் குறிகளை ஒன்றாக்கிக் ககரத்துக்குப் பின் வைக்க வேண்டும். மடலின் நடுவே ஒரு வாக்கியம் ஆங்கிலத்திலும், மேற்கோளாக இழுத்த ஒரு பகுதி வேறு குறியீட்டிலும் இருந்து, போகிற வழியில் ஏதோ ஒரு பழைய அஞ்சற்கணினி ஒவ்வொரு குறியின் எட்டாவது துணுக்கை (பிட்) வெட்டியும் விட்டிருந்தால், எந்த மாற்றியாலும் அந்த மடலை மீட்க முடியாது. நம் பாறையிலுள்ள வட்டெழுத்தை அறிஞர்கள் இன்றும் வாசிக்கிறார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய தமிழ் மடல் ஒன்றை, அது எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்ற ஒரே ஒரு குறிப்பு தொலைந்துபோனதனால், எழுதியவரே இன்று வாசிக்க முடியாத நிலை நேர்ந்திருப்பது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

நான்காவது தொல்லையை நான் எல்லாவற்றிலும் கடுமையானதாக எண்ணுகிறேன். ஐம்பது பேருக்கு எழுதிய கடிதம் உலகத்துக்கு எழுதிய கடிதம் ஆகாது. ஊரைவிட்டு வெகுதூரம் போய், வெளிநாட்டில் தனிமையில், நோயையோ வேலை இழப்பையோ குடும்பத் துயரத்தையோ பழகிய குழுவினரிடம் மனம் திறந்து எழுதிய ஒருவர், அதே வரிகள் தம் பெயரோடும் முகவரியோடும் இணையத்தில் எவர் தேடினாலும் அகப்படும்படி கிடப்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின் காண்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைச் சமாதானப்படுத்த, ‘குழுவின் விதிகளில் எழுதியிருந்தோமே’ என்று சொல்வது போதுமா? குழுவில் அவர் சேர்ந்தபோது மேடை இல்லை. மேடை வந்தபோது அவரைக் கேட்கவில்லை. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி கடிதத்தின் உரிமை அதை எழுதியவருக்கே. பெற்றவர் அதை வைத்துக்கொள்ளலாம், அச்சிடும் உரிமை அவருக்குத் தானாக வந்துவிடாது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தையே அடிப்படையாக வைத்திருக்கிறது. சட்டம் இருக்கட்டும், அகால வேளையில் நம்மிடம் ஒருவர் சொன்னதை அவரைக் கேளாமல் சந்தையில் சொல்லலாகாது என்பதற்கு நமக்குச் சட்டம் வேண்டியதில்லை. இதோடு, மேடையில் வெளிப்பட்ட முகவரிகளை யந்திரங்கள் திரட்டிக்கொண்டு போய் விளம்பரக் குப்பை அனுப்பிய உபத்திரவமும் உண்டு. அதற்கு அஞ்சி முகவரியின் பாதியை மறைத்தபோது, அதே பெயருள்ள இருவரில் எழுதியவர் யார் என்பது மறைந்துபோயிற்று.

எழுதியவர் வருந்தி, நீக்கச் சொல்கிறார் என்றாலும், எதை நீக்குவது? மேடையில் நீக்கலாம், அஞ்சற்பெட்டிகளில் நூற்றுக்கணக்கான பிரதிகள் கிடக்கும். மேடையில் எழுதியவர் தம் பதிவைத் திருத்திக்கொள்ளலாம். குழுவினருக்குப் போனது திருத்தாத வடிவம். ஆக, ஒரே பேச்சுக்கு இரண்டு பாடங்கள் உண்டாகி, ‘நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்’, ‘நான் சொல்லவே இல்லை’ என்று இருவர் சச்சரவிடும்போது, இருவரும் தத்தம் கண்ணால் கண்டதையே உண்மையாகச் சொல்கிறார்கள். குழுவின் மட்டுறுத்துநர் தடுத்த வசைச்சொல் மேடை வழியாக உள்ளே வருவதும், மேடையின் பொறுப்பாளர் வெளியேற்றிய மனிதர் குழுவில் கௌரவ அங்கத்தினராக இருப்பதும் இந்த இரட்டை ஆட்சியின் விளைவுகளே.

2014 ஏப்ரலில் நேர்ந்த ஒரு குழப்பத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தன் முகவரியைப் போலியாகப் பயன்படுத்துகிறவர்களைத் தடுக்க எண்ணிய யாஹூ, ‘எங்கள் முகவரியிலிருந்து வருவதாகச் சொல்லிக்கொண்டு எங்கள் கணினிகளிலிருந்து வராத மடல்களை ஏற்காதீர்கள்’ என்று உலகத்து அஞ்சற்கணினிகளுக்கு அறிவித்தது. மடற்குழுவோ ஒருவருடைய கடிதத்தை அவர் பெயரிலேயே மறுபடி அனுப்பும் அமைப்பு. ஆகவே யாஹூ முகவரிக்காரர் எழுதிய மடல்களைப் பல அஞ்சற்கணினிகள் திருப்பி அனுப்பின. திரும்பி வந்தவற்றை எண்ணிய குழு மென்பொருள், எந்தத் தவறும் செய்யாத ஜிமெயில்காரர்களையும் பிறரையும் ‘இவர்கள் முகவரி செல்லவில்லை’ என்று பட்டியலிலிருந்து நீக்கியது. இதிலிருந்து தப்ப, அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில் குழுவின் முகவரியைப் போடும் பழக்கம் வந்தது. கடிதம் போய்ச் சேர்ந்தது. எழுதியவர் முகவரி ஓரத்துக்குப் போயிற்று. பாறையில் உருவத்தின் அருகிலேயே செய்வித்தவன் பெயரை வெட்டிய கல்தச்சனுக்கு இருந்த கவலை இந்த ஏற்பாட்டில் இல்லை.

பிரதிபிம்பம் இருப்பதனால் மூலம் பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கையும் பொய்த்தது. யாஹூ 2019 அக்டோபர் 28 முதல் குழுக்களில் புதிய சரக்கு எதையும் ஏற்றவிடாமல் நிறுத்தி, அந்த டிசம்பரில் பழைய மடற்களஞ்சியங்களை இணையத்திலிருந்து எடுத்தது. தங்கள் பங்கைக் கேட்டுப் பெற 2020 ஜனவரி 31 வரை தவணை கொடுத்தது. 2020 டிசம்பர் 15இல் சேவையையே மூடியது. குழுவை நடத்தியவர்களில் விழிப்பாக இருந்தவர்கள் இறக்கிக்கொண்டார்கள். காலமாகிவிட்டவர்களும், முகவரி மாறியவர்களும், ‘இணையத்தில்தானே இருக்கிறது’ என்று நிம்மதியாக இருந்தவர்களும் நடத்திய குழுக்கள் கரைந்துபோயின. கூகுள் 2001இல் டெஜாநியூஸிடமிருந்து பழைய யூஸ்நெட் களஞ்சியத்தை வாங்கித் தன் குழுக்களோடு சேர்த்து வைத்திருந்தது. 2024 பிப்ரவரி 22 முதல் யூஸ்நெட்டின் புதிய பதிவுகளைக் காட்டுவதையும் ஏற்பதையும் நிறுத்திக்கொண்டது. ஒரு நிறுவனத்தின் தயவில் நிற்கும் களஞ்சியத்தை அந்த நிறுவனத்தின் இன்னொரு சாளரத்தின் வழியாகக் காட்டுவதைப் பாதுகாப்பு என்று நாம் எண்ணியது பிழை.

இவையெல்லாம் பழங்கதை என்று தோன்றலாம். நம் கம்பம் பள்ளத்தாக்கில் இன்று ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு பயிருக்கும் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பன்னீர் திராட்சை பயிரிடுகிறவர்களுக்கு ஒன்று, நெல் பயிரிடுகிறவர்களுக்கு ஒன்று, முன்னாள் மாணவர்களுக்கு ஒன்று. ஒரு குழுவில் வந்ததை இன்னொன்றில் தள்ளிவிடுவது விரல் அசைக்கும் நேரத்து வேலை. முல்லைப் பெரியாறு அணையிலிருந்து நீர் பெறும் கம்பம் பள்ளத்தாக்கின் இருபோகப் பாசனத்துக்கு உரிய 14,707 ஏக்கரில் 11,807 ஏக்கர் உத்தமபாளையம் தாலூகாவில் இருக்கிறது. ஜூன் பிறந்ததும் நீர் எப்போது திறப்பார்கள், அணையில் எத்தனை அடி இருக்கிறது என்ற செய்திக்காக நாற்றங்கால் போடக் காத்திருக்கிற சம்சாரிக்கு, ‘நாளை காலை நீர் திறப்பு, நீர்மட்டம் இத்தனை அடி’ என்று வேறு குழுவிலிருந்து வந்து விழுகிற செய்தியில், அதை முதலில் எழுதியவர் பெயரும் இல்லை, எழுதிய தேதியும் இல்லை. 2018இல் வாட்ஸ்அப் சேர்த்த ‘முன்னனுப்பப்பட்டது’ என்ற குறிப்பு, செய்தி வேறிடத்திலிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்கிறது. எங்கிருந்து, எப்போது, எந்தக் கேள்விக்குப் பதிலாக என்பதைச் சொல்வதில்லை. சென்ற வருஷத்துச் செய்தி இந்த வருஷம் வந்தாலும் பார்வைக்கு வேறுபாடு தெரியாது. அந்தச் செய்திக்குக் கீழே முதற்குழுவில் வேறொருவர் ‘இல்லை, தேதி தள்ளிப்போயிருக்கிறது’ என்று எழுதிய திருத்தம் இரண்டாம் குழுவுக்கு வரவே வராது. மடற்குழுக் காலத்தில் யந்திர வாயில் செய்த பிழைகளை இப்போது நாம் நம் கையாலேயே செய்துகொண்டிருக்கிறோம்.

செய்யத்தக்கவை சில உண்டு; அவை செலவு பிடிக்கிறவையும் அல்ல. இரண்டு இடங்களில் ஓர் இடமே மூலம் என்று தீர்மானித்து, மற்றதைப் படிப்பதற்கு மட்டும் உரியதாக வைத்து, ‘பதில் எழுத விரும்புகிறவர் இங்கே வாருங்கள்’ என்று ஒவ்வொரு பக்கத்திலும் வழி காட்டிவிட்டால், சுற்றிச் சுற்றி வரும் மடல்களும் அறுந்த இழைகளும் பெரும்பாலும் ஒழியும். மடலின் அடையாளத் தொடரையும், எதற்குப் பதில் என்ற குறிப்பையும், எழுதிய தேதியையும் யந்திரம் தொடாமல் விட வேண்டும். பிரதிபிம்பம் தொடங்குமுன் அங்கத்தினர்களைக் கேட்க வேண்டும். சம்மதியாதவருடைய மடல்கள் வெளியே போகக் கூடாது. தொடங்கிய நாளுக்கு முன் எழுதியவை, எழுதியவர் தனியாகச் சம்மதித்தாலன்றி, உள்ளேயே இருக்க வேண்டும். பழைய திஸ்கி மடல்களை யூனிகோடுக்கு மாற்றுகிறவர்கள் மாற்றிய வடிவத்தோடு மாற்றாத மூலத்தையும் வைத்து, எந்தக் குறியீட்டிலிருந்து எந்தக் கருவியால் எப்போது மாற்றியது என்பதை ஒரு வரியில் எழுதிவைக்க வேண்டும். பிற்காலத்தில் இதைவிடச் சிறந்த மாற்றி வரும்போது அந்த ஒரு வரி மிகவும் பயன்படும். வாட்ஸ்அப்பில் செய்தியைத் தள்ளுகிறவர், மேலே ஒரு வரி சேர்த்து, யார் எழுதியது, என்று எழுதியது என்பதைத் தட்டச்சு செய்வதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது.

தீர்வு எளிதாகத் தோன்றாத இடம் ஒன்று இருக்கிறது. அந்தக் குழுக்களில் எழுதியவர்களில் பலர் இன்று இல்லை. அவர்களுடைய மடல்கள் நண்பர்களின் கணினிகளிலும் பழைய குறுந்தகடுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. பதிப்புரிமை, இறந்த பின்னும் அறுபது ஆண்டுகள் வாரிசுகளிடம் இருக்கும். வாரிசுகளில் பலருக்குத் தம் தந்தையோ தாயோ இப்படி எழுதினார்கள் என்பதே தெரியாது. மடல்களைப் பொதுவில் வைத்தால் சம்மதமற்ற காரியம். வைக்காவிட்டால் ஒரு காலத்துத் தமிழ்ச் சிந்தனையின் பெரும்பகுதி அழியும். நூலகங்கள் கையெழுத்துக் கடிதங்களைப் பெற்று, ஆராய்ச்சிக்காக நேரில் வந்து கேட்கிறவர்களுக்கு மட்டும் காட்டி, வெளியிடுவதற்கு முன் குடும்பத்தாரின் ஒப்புதலைக் கேட்கும் முறையை இங்கேயும் கைக்கொள்ளலாம் என்பது என் யோசனை. இப்போதும் கூகுள் குழுமத்தில் இயங்கும் குழுக்களின் உரிமையாளர்கள், அந்த நிறுவனமே தரும் டேக்அவுட் வசதியைக் கொண்டு, தங்கள் குழுவின் மடல்கள் முழுவதையும் தலைப்பகுதி கெடாமல் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ள முடியும். இறக்கிய கோப்பின் ஒரு பிரதியை ஒரு நூலகத்தினிடமும் இன்னொன்றைக் குழுவின் இளைய அங்கத்தினர் ஒருவரிடமும் ஒப்படைத்து, அதோடு அங்கத்தினர்களின் பெயர்ப் பட்டியலையும், இன்னார் தம் மடல்களை வெளியிடச் சம்மதித்தார், இன்னார் சம்மதிக்கவில்லை என்ற குறிப்பையும், இருப்பவர்களைக் கேட்டு எழுதி வாங்கும் வேலையை இந்த ஆண்டே தொடங்கலாம்.